குளிப்பாட்டியதும் தப்பு, நடுவீடும் தப்பு

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு வெளியேதான் ஓடும் என்பது பழமொழி. எதைத் தேடி ஓடும் என்பதையும் பழமொழி சொல்கிறது. அது இங்கே வேண்டாம். மனிதர்களைக் குத்திக்காட்டத்தான் இதைப் பெரும்பாலும் சொல்கிறோம் என்றாலும், தெருநாயைப் பற்றி ஊர் வைத்திருக்கும் தீர்ப்பு முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. தெருவில் பிறந்தது தெருவுக்குத்தான் லாயக்கு, மிரளுகிற நாய் வீட்டுக்கு ஆகாது, எத்தனை சோறு போட்டாலும் பிறவிக் குணம் போகாது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் யாராவது அடிபட்ட நாயையோ துரத்தப்பட்ட நாயையோ வீட்டுக்குக் கொண்டுவந்தால், ஒரு வாரம் முடிவதற்குள் அக்கம்பக்கத்தில் இந்தத் தீர்ப்பை வாசித்துவிடுவார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து வர மறுக்கும் நாய், தட்டில் வைத்த சோற்றைத் தொடாத நாய், கதவு திறந்தால் பாயும் நாய், எல்லாமே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தப் பழமொழி நாயின் குணத்தைச் சோதிக்கவே இல்லை. வளர்க்க வந்தவரின் முறையைத்தான் சோதித்திருக்கிறது. தேறாமல் போனதும் அந்த முறைதான். பிறந்ததிலிருந்து தலைக்கு மேல் கூரையையும் முதுகுக்குப் பின்னால் மூடிய கதவையும் அறியாத ஓர் உயிரைப் பிடித்து, தண்ணீரை ஊற்றி, நாலு பேர் சூழ்ந்து நிற்கும் கூடத்தின் நடுவில் உட்கார வைத்தால், அது ஓடாமல் வேறென்ன செய்யும்?

இது வெறும் பழமொழிச் சண்டை அல்ல. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அதே மாதம் 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்ற நாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம், ஆனால் அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது. நவம்பர் 7ஆம் தேதி உத்தரவு இன்னும் கடுமை. பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது. இதை நம் ஊர்ப்பக்கம் வைத்துப் பார்க்க, கும்மிடிப்பூண்டியை அடுத்த எளாவூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை, ஆந்திர எல்லையையொட்டிய சோதனைச் சாவடி, வரிசைகட்டி நிற்கும் லாரிகள். இன்னொரு பக்கம் கூடூர் போகும் ரயில் பாதை. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. லாரிக்காரர்கள் பிய்த்துப் போடும் பரோட்டாவிலும் கேன்டீன் மிச்சத்திலும் வயிறு வளர்க்கும் நாய்கள் இப்படிப்பட்ட ஊரில் இருக்கத்தான் செய்யும். அவற்றில் சில வீடுகளுக்குள் வரத்தான் போகின்றன. வந்தது மிரண்டு ஓடினால், ஓடிச் சேரும் இடம் நெடுஞ்சாலை, இல்லாவிட்டால் தண்டவாளம். "ஓடிப்போச்சு, என்ன பண்றது" என்று இனி யாரும் கைவிரிக்க முடியாது.

பொதுப்புத்தி இந்த விஷயத்தில் இரண்டு நாக்குகளில் பேசுகிறது. ஒரு நாக்கு, தெருநாய் மாறவே மாறாது என்கிறது. இன்னொரு நாக்கு, நாலு நாள் கட்டிப்போடு, பட்டினி போடு, அதட்டு, பயப்படுகிற இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்து, தானாகப் பழகிவிடும் என்கிறது. மாறாது என்றால் எதற்கு அதட்ட வேண்டும், அதட்டினால் மாறும் என்றால் பிறவிக் குணம் என்ற பேச்சு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. இந்த இரண்டும் ஒன்றையொன்று பால் ஊற்றி வளர்க்கின்றன என்பதுதான் உண்மை. அதட்டிக் கட்டிப்போட்டு அழுத்தும் முறை தோற்றுப்போகிறது. அந்தத் தோல்வியை நாயின் கணக்கில் எழுதிவிட்டு, பார்த்தீர்களா, குணம் மாறவில்லை என்கிறோம். சங்கிலி தந்த பயத்தைச் சாதியின் பயம் என்று பெயர் மாற்றி வைத்துவிடுகிறோம்.

அழுத்தும் முறை சில சமயம் வென்றதுபோலத் தோன்றுவதுதான் இதில் பெரிய ஏமாற்று. கூடத்தில் கட்டிப்போட்ட நாய் முதல் நாள் துள்ளும், இழுக்கும், ஊளையிடும். பிறகு அசையாமல் கிடக்கும். "பழகிடுச்சு பாருங்க" என்பார்கள். 1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நடத்திய சோதனை இந்த அசையாமையைத்தான் காட்டியது. கொடுமையான சோதனை, இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். தப்பவே முடியாதபடி கட்டி வைத்து மின்னதிர்ச்சி தந்த நாய்களை, பிறகு ஒரு தாழ்வான தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை தாண்டவில்லை. படுத்துக்கொண்டு முனகின. தாம் செய்யும் எதுவும் எதையும் மாற்றாது என்று அவை கற்றுக்கொண்டிருந்தன என்பது அவர்கள் அன்று தந்த விளக்கம். வலி குறையவில்லை, முயற்சிதான் நின்றுவிட்டது. அடக்கமாகக் கிடக்கிறது என்று நாம் மெச்சும் நாய் எந்த வகை என்பதை அதன் உடம்பிலேயே பார்த்துவிடலாம். காது தலையோடு ஒட்டிக் கிடக்கும், வால் வயிற்றுக்கடியில் போயிருக்கும், கண்ணில் வெள்ளை தெரியும், ஓயாமல் உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், யாரும் இல்லாத நடுராத்திரியில் மட்டும் சோறு தின்னும். இது பழகிய நாய் அல்ல, கைவிட்டுவிட்ட நாய்.

இந்தச் சோதனையை எதிர்த்தரப்பும் எடுத்தாளலாம். பின்னர் அதே ஆய்வாளர்கள் அந்த நாய்களைக் கயிற்றால் இழுத்துத் தடுப்பைத் தாண்ட வைத்துத்தானே குணப்படுத்தினார்கள், வலுக்கட்டாயம் உதவியதா இல்லையா என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் அவர்கள் இழுத்தது அதிர்ச்சியிலிருந்து வெளியே, பாதுகாப்பான பக்கத்துக்கு. தப்பிக்க வழி உண்டு, நீ நகர்ந்தால் வலி நிற்கும் என்பதை உடம்புக்குக் காட்டவே இழுத்தார்கள். நாமோ கட்டிலுக்கடியில் பாதுகாப்பாகக் கிடக்கும் நாயைக் காலைப் பிடித்து மிக்சி ஓடும் அடுக்களைக்குள் இழுக்கிறோம். இழுப்பு ஒன்றுதான், திசை நேரெதிர்.

சரியான திசை எது என்பது நூறு ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற மூன்று வயதுகூட ஆகாத குழந்தையின் பயத்தைப் போக்கியதைப் பதிவு செய்தார். குழந்தை தனக்குப் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது, அழாத அளவு தூரத்தில் முயல் கூண்டை வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். மிரளும் நாய்க்கு இன்று உலகெங்கும் நல்ல கால்நடை மருத்துவர்கள் சொல்லும் வழியின் வித்து இதுதான். பயம் பொங்காத தூரம், அந்தத் தூரத்தில் நல்ல தீனி, தூரத்தைக் குறைப்பதா வேண்டாமா என்ற முடிவு பயப்படுகிறவரிடம். எளாவூரில் சிப்காட் ஷிப்டுக்குப் போகிறவர் வாடகைக்கு இருக்கும் இரண்டறை லைன் வீட்டில் இதைச் செய்ய முடியுமா? நடுவீடுதான் கிடையாது, மூலை உண்டு. கட்டிலுக்கடியிலோ பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலோ ஒரு கோணிச் சாக்கை விரித்து, பழைய புடவையைத் திரைபோலத் தொங்கவிட்டால் நாய்க்கு ஓர் அறை கிடைத்துவிடும். அந்த மூலைக்குள் யாரும் கை விடக் கூடாது என்பது மட்டுமே சட்டம். தட்டை மூலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் போதும். நேருக்கு நேர் பார்ப்பதும் தலைக்கு மேலே கை நீட்டுவதும் நமக்குத்தான் அன்பு, நாய்க்கு மிரட்டல். வழவழக்கும் டைல்ஸ் தரையை மண்ணில் மட்டுமே நடந்த கால் நம்பாது. வாசல்வரை சாக்குத் துண்டுகளைப் போட்டால் பாதிப் பிடிவாதம் காணாமல் போகும். பிடிவாதம் என்று நாம் பெயர் வைத்தது பல நேரம் வழுக்கல்தான். குக்கர் விசில், மிக்சி, மேலே சுழலும் காற்றாடி, கீழே விழும் எவர்சில்வர் தட்டு, இவை எதையும் தெரு அதற்குக் கற்றுத்தரவில்லை. லாரி ஹாரனுக்கு அசையாத நாய் மிக்சிக்கு நடுங்குவதில் முரண்பாடு இல்லை. ஹாரனிலிருந்து ஓடலாம், மூடிய அறையில் மிக்சியிலிருந்து ஓட முடியாது. மிக்சி போடும் வேளையில் கோழி ஈரல் துண்டு ஒன்று மூலைக்குள் வந்து விழுமானால், சில வாரங்களில் அந்தச் சத்தத்தின் பொருளே மாறிவிடும்.

குளிப்பாட்டாமல் எப்படி என்ற ஆட்சேபம் நியாயமானது. தெருவிலிருந்து வந்த நாய் நாறும், உண்ணி இருக்கும், சொறி இருக்கும், வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் உண்ணிக்கு மாத்திரை இருக்கிறது, பிடரியில் விடும் சொட்டு மருந்து இருக்கிறது, சொறிக்கும் மருந்து உண்டு. கால்நடை மருத்துவரிடம் கேட்டால் முதல் நாளே தருவார். இவற்றில் பலவற்றுக்குக் குளியல் தேவையில்லை. கருத்தடை செய்துவிட்டு வந்த நாய் என்றால் தையல் ஆறும்வரை, பத்துப் பதினைந்து நாள், தண்ணீர் படவே கூடாது. நாற்றம் சகிக்கவில்லை என்றால் ஈரத்துணியால் துடைக்கலாம், அதுவும் அது தொட விட்ட பிறகு. முதல் நாள் குளியல் நாயின் நன்மைக்கு அல்ல. நம் வீட்டுக்குள் நுழைய அது கட்ட வேண்டிய தீட்டு வரி, அவ்வளவுதான்.

பயந்திருக்கும்போது தீனி கொடுத்தால் பயத்துக்குப் பரிசு கொடுத்ததாகாதா, நாளைக்கு இன்னும் அதிகமாகப் பயப்படுமே என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். பயம் என்பது கூலிக்குச் செய்யும் வேலை அல்ல. கூலி கிடைக்கிறதே என்று யாரும் நெஞ்சு படபடக்கப் பயப்படுவதில்லை. முயலோடு சேர்ந்து வந்த தின்பண்டம் பீட்டரின் பயத்தை வளர்க்கவில்லை, கரைத்தது. இதற்கு அண்ணன் முறையில் இன்னோர் ஆட்சேபம் உண்டு: செல்லம் கொடுத்தால் தலைக்கு மேல் ஏறும், நீதான் தலைவன் என்று முதலில் காட்டிவிடு. இந்தத் தலைவன் கதை வந்த வழி வேடிக்கையானது. 1947இல் வெளியிட்ட ஆய்வில் ருடால்ஃப் ஷெங்கல், பாசல் நகர உயிரியல் பூங்காவில் அடைத்து வைத்திருந்த, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்கள் போட்ட சண்டையைப் பதிவு செய்தார். 1970இல் டேவிட் மெக் எழுதிய ஓநாய் நூல் வழியாக அது உலகம் முழுக்கப் பரவியது. காட்டில் ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்த அதே மெக் 1999இல் எழுதினார்: காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம், அதில் தலைவன் பதவிக்கான சண்டை என்று பேசுவதே தவறு. சொன்னவரே திரும்பப் பெற்ற கதையை வைத்துக்கொண்டு, ஓநாயும் அல்லாத ஒரு நாட்டு நாயின் கழுத்தை இங்கே அழுத்திக்கொண்டிருக்கிறோம். போர்ச்சுக்கலில் 92 வீட்டு நாய்களை வைத்துச் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தண்டனை வழியில் பயிற்றுவித்த நாய்களின் உமிழ்நீரில் மன அழுத்தச் சுரப்பு கூடியதையும், பயிற்சி இல்லாத நேரத்தில்கூட அவை அவநம்பிக்கையோடு நடந்துகொண்டதையும் காட்டியது. ஏற்கெனவே மிரண்ட நாய்க்கு இது எண்ணெய் ஊற்றும் வேலை.

இனி கனமான ஆட்சேபத்துக்கு வரலாம். எல்லாப் பயமும் முறையினால் வந்தது அல்ல. குட்டிப் பருவத்தில் மனிதக் கை படாத நாய் பிறகு மாறாது என்று அறிவியலே சொல்கிறதே? சொல்கிறது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஃப்ரீட்மன், கிங், எலியட் மூவரும் 1961இல் வெளியிட்ட ஆய்வில், வேலியிட்ட வெளியில் மனிதத் தொடர்பே இல்லாமல் பதினான்கு வாரம் வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்கைப்போல மனிதனை விட்டு விலகின. ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை உள்ள காலம் நாயின் வாழ்க்கையில் பெரிய வாசல் என்பதை மறுக்க முடியாது. ஆனால் எந்த எளாவூர் நாய் மனிதனைப் பார்க்காமல் வளர்ந்தது? டீக்கடை வாசலில் கண் திறந்து, பள்ளிப் பிள்ளைகளின் காலுக்கிடையில் ஓடி, சிலரிடம் பிஸ்கட்டும் சிலரிடம் கல்லும் வாங்கி வளர்ந்தது அது. மனிதனைத் தெரியாது என்பது அதன் சிக்கல் அல்ல, நன்றாகத் தெரியும் என்பதே சிக்கல். கொல்கத்தா ஐசர் அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களையே நேரடியாக ஆராய்கிறது. 2020இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியே இல்லாத 160 தெருநாய்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு கிண்ணங்களில் ஒன்றைக் கையால் சுட்டிக் காட்டினார். ஏறத்தாழப் பாதி நாய்கள் கிட்டவே வரவில்லை, மிரண்டு நின்றன. வந்தவற்றில் ஐந்தில் நான்கு பங்கு, சுட்டிய கிண்ணத்துக்கே போயின. பயந்தவையும் புரிந்துகொண்டவையும் ஒரே தெருக்களின் நாய்கள். பயம் இனத்தின் முத்திரை என்றால் இந்தப் பிரிவு வந்திருக்காது. 2017இல் அதே குழு, பழக்கமில்லாத மனிதரை நம்ப வைப்பதில் உணவைவிடத் தடவிக்கொடுப்பது தெருநாய்களிடம் அதிகம் வேலை செய்ததைக் கண்டது. அப்படியானால் பிடித்துத் தடவினால் என்ன என்று யாராவது கிளம்பிவிட வேண்டாம். அவை திறந்த தெருவில், விலகிப் போகும் உரிமையோடு, தாமே கிட்ட வந்து தலையைக் கொடுத்த நாய்கள்.

அதிகபட்சமாகப் பயந்த நாய்களின் கதியும் தெரிந்ததே. அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பு, அளவுக்கு மீறி அடைத்து வளர்த்த இடங்களிலிருந்தும் குட்டி உற்பத்திக் கூடங்களிலிருந்தும் மீட்ட, மனிதர் நெருங்கினால் உறைந்துபோகும் நாய்களுக்காகவே ஒரு மறுவாழ்வு மையம் நடத்துகிறது. 2018 முதல் அது வட கரோலினாவின் வீவர்வில் ஊரில் நிரந்தரமாக இயங்குகிறது. 2022இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், 400க்கும் மேற்பட்ட நாய்களில் 80 விழுக்காட்டுக்கும் அதிகமானவை தேறி வெளியே வந்தன. தூரம், தீனி, பயப்படாத இன்னொரு நாயின் துணை, சிலவற்றுக்கு மருத்துவர் தந்த மருந்து, இவைதான் வழி. தேறாதவையும் இருந்தன. எல்லா நாயும் மாறும் என்று நானும் சொல்ல வரவில்லை. மாறாது என்று தீர்ப்பெழுதும் முன் மாறுவதற்கான நிலையை ஒருமுறையாவது கொடுத்தோமா என்றுதான் கேட்கிறேன்.

பயந்த நாய் கடிக்கும், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்பது வேறு வகை ஆட்சேபம், இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. பயந்த நாய் கடிக்கத்தான் செய்யும், அதுவும் ஓட வழியில்லாதபோது. அதனாலேயே மூலை தேவை, மூலைக்குள் பிள்ளை போகாத ஏற்பாடு தேவை, வெறிநோய்த் தடுப்பூசி முதல் வேலையாக முடிய வேண்டும். நகக்கீறலோ பல்லோ பட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம்ம வீட்டு நாய்தானே என்ற சமாதானம் கூடாது. உறுமுகிற நாயை அடித்து உறுமலை நிறுத்துகிறவர்கள் பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார்கள். உறுமல் எச்சரிக்கை மணி. அதை அடித்து நிறுத்தினால் பயம் அப்படியே இருக்கும், அடுத்த முறை மணி இல்லாமல் கடி விழும்.

நேரம் எங்கே இருக்கிறது, இது காசும் ஓய்வும் உள்ளவர்கள் விளையாட்டு என்பார்கள் சிலர். கணக்குப் போட்டுப் பார்த்தால் பழைய முறைக்குத்தான் அதிக உழைப்பு: துரத்து, பிடி, இழு, கட்டு, அதட்டு. இந்த முறையில் பெரும்பகுதி நேரம் ஒன்றும் செய்யாமல் இருப்பதே வேலை. செலவு ஈரலுக்கும் சாக்குக்கும்தான். ஷிப்ட் மாறி மாறி வருவது சிரமம் என்பது உண்மை. வேளை தவறாமை நாய்க்குப் பெரிய ஆறுதல். வீட்டில் ஒருவராவது அதே நேரத்துக்கு, ஊர் அடங்கிய அதிகாலையில் அல்லது இரவில், மண் தரைக்கு அழைத்துப்போக வேண்டும். அப்போது கழுத்துப்பட்டை மட்டும் போதாது. மிரண்ட நாய் பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். நெஞ்சைச் சுற்றும் பட்டையும் சேர்த்து இரண்டு கயிறு இருப்பது, நெடுஞ்சாலை ஊருக்கு ஆடம்பரம் அல்ல. தீபாவளி மாதத்தில் மிரளும் நாயைத் தத்தெடுக்காமல் இருந்தாலே பாதி விபத்து குறையும்.

கடைசியாக, நாய்க்கு எதற்கு வீடு, காலங்காலமாக வாசலில்தானே கிடந்தது என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. பிடித்த இடத்திலேயே கருத்தடையோடும் தடுப்பூசியோடும் நிம்மதியாக வாழக்கூடிய தெருநாயை வீட்டுக்குள் இழுத்து வருவது அதற்குச் செய்யும் நன்மை அல்ல. திண்ணையும் வாசலும் மிரளும் நாய்க்கு நல்ல முதல் படியும்கூட, திண்ணையும் சுற்றுச்சுவரும் மிச்சமிருக்கும் வீடுகளில். சாலையைப் பார்த்த வாசலில் சங்கிலியில் கட்டுவதைத்தான் ஏற்க முடியாது. பயத்துக்கு நாய் வைத்திருக்கும் ஒரே மருந்தான ஓட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு, பயத்தை மட்டும் நாள் முழுக்கக் கண்முன் ஓடவிடும் ஏற்பாடு அது. ஊர்மக்களைவிட நாயை ஒப்படைக்கிற உள்ளாட்சிகளையும் காப்பகங்களையும்தான் இதில் அதிகம் குறை சொல்வேன். கருத்தடைத் தேதியும் ஊசித் தேதியும் எழுதிய சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவது தத்தெடுப்பு ஆகாது. நாய் எதற்கெல்லாம் மிரளும், எந்த நாயோடு சேர்ந்திருந்தது, யார் கையில் தின்னும் என்பதையும் அதே சீட்டில் எழுத வேண்டும். அது படுத்திருந்த சாக்கைத் துவைக்காமல் கூடவே அனுப்ப வேண்டும். முதல் மாதம் தொலைபேசியில் கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். முடியாமல் போன வீடு, நாயைச் சாலையோரம் இறக்கிவிடாமல் கூச்சமின்றித் திருப்பிக் கொடுக்க ஓர் இடமும் வேண்டும்.